தியெப்: படிப்பினையா, சாக்குப்போக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் கடல்வழித் தாக்குதல்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1941 மார்ச்சில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் மீன் எண்ணெய் ஆலைகள் எரிக்கப்பட்டதில் தொடங்கி, 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையேறியது வரை ஒரே மூச்சில் சொல்லிச் சென்ற கட்டுரையாளர், 1942 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சின் தியெப் துறைமுகத்தைத் தாக்கிய நேச நாட்டுப் படைகளுக்கு நேர்ந்த பேரழிவை மட்டும் ‘நார்மண்டி வெற்றிக்குக் கொடுத்த விலை’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

கமாண்டோ தாக்குதலும் தரையிறக்கமும் ஒன்றல்ல. முன்னது திரும்பி வருவதற்காகப் போவது. பின்னது போன இடத்தில் காலூன்றுவதற்காகப் போவது. 1942 மார்ச் 28 அதிகாலையில் பிரான்சின் செயின்ட் நசேர் துறைமுகத்தில் நடந்தது முதல் வகை. கேம்பல்டவுன் என்னும் பழைய நாசகாரிக் கப்பலில் நான்கு டன்னுக்கும் அதிகமான வெடிமருந்தை மறைத்துவைத்து, அங்கிருந்த பெரிய உலர்துறையின் வாயிலில் அதை மோதவிட்டார்கள். சென்ற அறுநூற்றுச் சொச்சம் பேரில் 169 பேர் மாண்டனர். ஆனால், டிர்பிட்ஸ் போன்ற பெரும் போர்க்கப்பலை அட்லாண்டிக் கரையில் பழுதுபார்க்க ஜெர்மானியருக்கு இருந்த ஒரே துறை, போர் முடியும்வரை அவர்களுக்கு உதவவில்லை. தியெப் இந்த இரண்டு வகையிலும் சேராது. சுமார் 6,000 பேரையும் டாங்கிகளையும் கொண்டுபோய், காவல் மிகுந்த ஒரு துறைமுகத்தை நேருக்கு நேர் தாக்கிப் பிடித்து, சில மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்புவது என்பது திட்டம். சுமை தரையிறக்கத்தின் சுமை. முன்னேற்பாடு திடீர்த் தாக்குதலின் முன்னேற்பாடு. அன்று லொவாட் பிரபுவின் தலைமையில் மேற்கு ஓரத்தில் இறங்கிய 4ஆம் கமாண்டோ பிரிவு, தனக்குக் குறித்த பீரங்கித் தளத்தை அழித்துவிட்டுத் திரும்பியது என்பதும், நகரத்தின் முன்னால் இறங்கிய கனடியர்கள்தாம் சிதைந்தார்கள் என்பதும் இதற்குப் போதிய சான்று.

அந்தக் கரை மணற்கரை அல்ல, கூழாங்கற்கரை. கரையின் சரிவையும் டாங்கிகளுக்கு அது தாங்குமா என்பதையும், விடுமுறைக்குச் சென்றவர்கள் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து மதிப்பிட்டார்கள் என்பதை இன்று படித்தாலும் நம்பக் கடினமாக இருக்கிறது. இறக்கிவிடப்பட்ட சர்ச்சில் டாங்கிகளில் சில, சங்கிலிப் பட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே கற்கள் சிக்கி அங்கேயே நின்றன. கடற்சுவரைத் தாண்டிப் போனவற்றைத் தெரு முனைகளில் இருந்த கான்கிரீட் தடைகள் மறித்தன; ஒன்றுகூட நகருக்குள் நுழையவில்லை. கனடியர்கள் சுமார் 5,000 பேர் சென்றார்கள்; 907 பேர் உயிரிழந்தார்கள், 1,946 பேர் சிறைப்பட்டார்கள்.

இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்த மவுன்ட்பேட்டன், தியெப்பில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஈடாக நார்மண்டியில் பத்துப் பேராவது பிழைத்தார்கள் என்ற பொருளில் பின்னாளில் பேசினார். தங்கள் கட்டுரையாளரின் வரி அந்த வாதத்தின் எதிரொலியே. தியெப்பில் யாரும் எதையும் கற்கவில்லை என்று நான் சொல்லவில்லை. காவல் மிகுந்த துறைமுகத்தை முன்புறமிருந்து தாக்குவது வீண் என்பதும், கரையில் கால்வைக்கும் முன் கடலிலிருந்தும் வானிலிருந்தும் கடுமையாகக் குண்டு பொழிய வேண்டும் என்பதும் அங்கே இரத்தத்தில் எழுதப்பட்டன. ஆனால் நார்மண்டியில் செய்ததுபோல், துறைமுகத்தையே கையோடு கொண்டுபோகும் யோசனை தியெப்பில் பிறந்ததல்ல. கடல் பெருகும்போது உயர்ந்து வற்றும்போது தாழும் மிதக்கும் இறங்குதுறைகள் வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் குறிப்பு எழுதியது 1942 மே 30 அன்று, அதாவது தியெப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு. அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்ததும் மவுன்ட்பேட்டனிடமே. கரையை முன்கூட்டியே தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற அறிவும் புதிதல்ல. 1941லேயே கிளாக்ஸ்டன் வில்மட் என்ற கடற்படை அதிகாரி, ரோட்ஸ் தீவின் கரைகளுக்கு இரவில் நீந்திச் சென்று ஆழத்தையும் அடிநிலத்தையும் சோதித்திருந்தார். தெரிந்திருந்ததைச் செய்யாமல் விட்டதற்குப் பெயர் படிப்பினை ஆகுமா?

செய்தபோது கிடைத்த பயனும் கண்முன் இருக்கிறது. 1943ஆம் ஆண்டின் கடைசி இரவில், வில்மட் உருவாக்கிய பிரிவைச் சேர்ந்த ஸ்காட் பௌடனும் ஆக்டன் ஸ்மித்தும் நார்மண்டிக் கரைக்கு நீந்திச் சென்று, துளைக்கருவியால் மண்ணைத் தோண்டி எடுத்து வந்தார்கள். மணலுக்கு அடியில் களிமண் எங்கே, கனத்த வண்டி எங்கே புதையும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தன. கேன்வாஸ் பாயை உருட்டி விரித்தபடியே அதன்மேல் செல்லும் டாங்கி அந்தக் களிமண்ணுக்கென்றே செய்யப்பட்டது. மாறாக, 1943 நவம்பரில் ஜப்பானியர் வசமிருந்த பசிபிக் பெருங்கடலின் தராவா தீவில், அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்திருந்த ஃபிராங்க் ஹாலந்து என்ற அதிகாரி பவளத்திட்டின் மேல் நீர் போதாது என்று எச்சரித்தும் அமெரிக்கத் தளபதிகள் துணிந்து இறங்கினார்கள். படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே பல நூறு மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். நான்கு நாட்களில் சுமார் ஆயிரம் அமெரிக்கர் இறந்தனர்.

கட்டுரை நார்மண்டியோடு நின்றுவிட்டதில் இன்னொரு குறையும் உண்டு. 1945 செப்டம்பர் 9 அன்று மலாயாவின் மோரிப் கரையில் பெரும்பாலும் இந்தியப் படையினர் இறங்கினார்கள். மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் சேறு. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்தன. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் அவர்களை நோக்கி ஒரு குண்டும் பாயவில்லை. அங்கே தலைமைத் தளபதியாக இருந்தவரும் அதே மவுன்ட்பேட்டன்தான்; தியெப் அவருக்குக் கற்பித்ததாகச் சொல்லப்படும் பாடத்தை மோரிப்பில் வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லட்டும். இந்தப் போர்முனைக்கான கரை ஆய்வுக் குழுக்களின் முகாம் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம், ஹாமன்ஹீல் என்ற பெயரில் இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்டுரைத் தொடர் நீளுமானால், அடுத்த பகுதியில் அந்த நீச்சல்காரர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்