உன் டொலரும் என் பருப்பும்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுவது. அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள், லைனும் விட்டு விட்டுத்தான் கேட்டது. "200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இப்போது 300. இலங்கை மத்திய வங்கி ரூபாயை ஏற்றப் பார்க்காமல் ஏன் பணவீக்கம், பணவீக்கம் என்றே நிற்கிறது? காசை இப்போது அனுப்பவா, பொறுக்கவா?" என்று கேட்டாய். காசு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த 200 பெருமைப்படத்தக்க 200 இல்லை, பிள்ளை. 2021 செப்டெம்பரில் அஜித் நிவாட் கப்ரால் மத்திய வங்கி ஆளுநராக வந்தபிறகு டொலரை 203-க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள். பிடித்து வைத்தார்கள் என்றுதான் சொல்லலாம், தானாக நின்றது என்று சொல்ல முடியாது. அவர்கள் கணக்கு இதுதான்: நாம் பருப்பிலிருந்து பெற்றோல்வரை வெளியிலிருந்து வாங்குகிற நாடு. டொலர் ஏறினால் எல்லாம் ஏறும். ஆகவே ரூபாயைப் பிடித்தால் விலைவாசியும் பிடிபடும். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் 2019 கடைசியில் வரியை வெட்டிவிட்டார்கள். பிறகு அரசாங்க வருமானத்தில் விழுந்த பள்ளத்தைப் பணம் அச்சடித்து நிரப்பினார்கள். வாய்க்காலைத் திறந்துவிட்டுப் பாத்தியில் வெள்ளம் நிற்கக்கூடாது என்றால் நடக்குமா?

கடையில் இருந்து பார்த்த எனக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. விலைக்கட்டுப்பாடு இருந்தவரை பால்மா எட்டிப் பார்க்கவில்லை. 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் 380 ரூபாய்ப் பைக்கற் 480 ஆகி வந்து இறங்கியது. உங்கள் கனடாவிலிருந்து வருகிற மைசூர்ப் பருப்புக்கு எல்.சி. (சாமான் அனுப்புகிறவருக்குக் காசு வரும் என்று வங்கி கொடுக்கிற உறுதிக் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. கொழும்பு மொத்த வியாபாரியிடம் விலை கேட்டால் சிரிப்பார், "முதலில் சாமான் வரட்டும் ஐயா" என்பார். கடதாசியில் 203 இருந்தது, தட்டில் பருப்பு இல்லை.

நீயும் அப்போது உண்டியலில்தான், வங்கிக்குப் போகாமல் ஆள் வழியாகத்தான், காசு அனுப்பினாய். குறை சொல்லவில்லை, வாங்கியது நான்தானே. வங்கி 203 தந்து அதற்கு மேல் 10 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. உண்டியல்காரர் 240 தந்தார். யார்தான் வங்கிக்குப் போவார்கள்? 2020-இல் வெளிநாட்டிலிருந்து 7.1 பில்லியன் டொலர் வந்த நாட்டுக்கு 2022-இல் 3.8 பில்லியன்தான் வந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். 2022 மார்ச் 7-இல் பிடியை விட்டார்கள். மே மாதம் டொலர் 360. ஏப்ரலில் வந்த புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலைவாசி ஏறின அளவு, 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமானில் மட்டும் பார்த்தால் 94.9. அதற்கு முதல் மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. நம் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். தண்ணீர் இறைக்கிற மெசின் அதில்தானே ஓடுகிறது.

வட்டி ஏற்றினது பணவீக்கத்தை அடிக்க என்றார்கள், கடன் வாங்குவது குறைந்தால் செலவும் விலையும் அடங்குமாம். அடி முதலில் என் முதுகில்தான் விழுந்தது. வங்கியில் எடுத்திருந்த மேலதிகப்பற்றுக் கடனுக்கு 28 சதவீதம் வட்டி கட்டினேன். இரண்டு ராக்கை காலியாகவே விட்டேன், உதவிக்கு நின்ற பொடியனை நிறுத்தினேன். அதை உனக்கு அப்போது சொல்லவில்லை. அவனுடைய தாய் கடை வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனாலும் கேட்டால், வட்டியைப் பிடித்தது சரி, ரூபாயைப் பிடித்தது பிழை என்றுதான் சொல்வேன். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3-க்கு இறங்கியது. அடுத்த வருடம் டொலரும் 300-க்குக் கீழே வந்தது, 203 போல யாரும் கோடு கீறி வைக்காமலே. வெளிக் கடன் கட்டாமல் விட்டதும், வாகன இறக்குமதி நின்றதும் அதற்கு உதவின, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விலை அடங்குகிறது என்று தெரிந்தபிறகுதான் சனம் வங்கிப் பக்கம் திரும்பியது. 2023-இல் வந்த புதுச் சட்டம் மத்திய வங்கிக்கு விலைவாசியை நிலையாக வைப்பதுதான் முதல் வேலை என்கிறது. அரசாங்கத்துக்கு அச்சடித்துக் கொடுக்கவும் தடை. பணவீக்க இலக்கு 5 சதவீதம்.

அம்மாவுக்கு இது ஒன்றும் ஏறவில்லை. "விலைவாசி அடங்கினது என்கிறீர்கள், தேங்காய் என்ன விலை" என்கிறா. வேகம் குறைந்தது, ஏறின விலை இறங்கவில்லை என்று விளக்கினால், "அப்படியென்றால் எனக்கு என்ன லாபம்" என்று கேட்கிறா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேங்காய் நம் நாட்டில் காய்ப்பது, டொலரை 200-க்குக் கொண்டுவந்தாலும் அது மலியாது என்று மட்டும் சொன்னேன். முறைத்தா.

இப்போது ரூபாயை ஏன் ஏற்றவில்லை என்றால், வருகிற டொலரை மத்திய வங்கி வாங்கிச் சேர்க்கிறது. 2022 மே மாதம் கையில் செலவழிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரியே பாராளுமன்றத்தில் சொன்னார். 2028-இல் வெளிக் கடன் மறுபடி பெரிதாகக் கட்ட வேண்டும். சேமிப்பைத் தின்று ரூபாய்க்கு வண்ணம் பூசினால் பழைய இடத்துக்கே போய் நிற்போம்.

சரி, உன் காசு. ரூபாய் நிலையான வைப்புக்கு வங்கிகள் வட்டியைக் காட்டி இழுக்கும். அதைப் பார்த்து எல்லாவற்றையும் ரூபாயாக்காதே. பெரும் பகுதி உன் டொலர்க் கணக்கிலேயே இருக்கட்டும், ஏறுமா இறங்குமா என்று இரவு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். கூரை வேலைக்கு வேண்டியதை மட்டும் இந்த மாதம் அனுப்பு, வங்கி வழியாகவே அனுப்பு. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். மேசன் சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார்.

மருமகனையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல். அம்மா ஒடியல் மா இடித்து வைத்திருக்கிறா, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா