இந்த வார ஓவியர்: வால்டர் ஆண்டர்சன்

நண்பர்களே, இந்த வாரம் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கடற்கரையில் வாழ்ந்த வால்டர் ஆண்டர்சன் (1903–1965) பற்றிப் பேசுவோம். ஓஷன் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து சுமார் 12 மைல் தள்ளியிருக்கும் ஹார்ன் தீவுக்குச் சின்னப் படகில் தானே துடுப்பு போட்டுப் போவார். இரவில் அதே படகைக் கவிழ்த்து அதன் அடியில் தூங்குவார். கூழைக்கடா, நண்டு, ஆமை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சாதாரண டைப்பிங் தாளில் நீர்வண்ணத்தில் வரைந்தார். 1965இல் பெட்ஸி புயல் அடித்தபோதும் தீவிலேயே இருந்தார் மனிதர்! அவர் இறந்த பிறகுதான், பூட்டிக் கிடந்த ஓர் அறையின் சுவர் முழுக்க அவர் தீட்டியிருந்த ஓவியங்கள் வெளியே தெரிந்தன. என்னைக் கேட்டால் அந்த அறைதான் அவருடைய ஆகச் சிறந்த வேலை.

முதலில் கூழைக்கடா ஓவியங்களைப் பாருங்கள். பிடித்த ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பகிருங்கள். அதுவரை காலை வணக்கப் படங்கள் வேண்டாம், ப்ளீஸ்.