சேரும் முன்பே சொல்லுங்கள்: அந்தக் கல்லூரியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா?

தமிழ்நாடு உயர்கல்வித் துறையின் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற ஆசிரியை. பிளஸ் டூ முடிவு வந்து, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த வாரம் ஒரு மாணவியின் அம்மா வந்திருந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர். மகள் நன்றாகப் படிக்கிறவள். நீட் வேண்டாம், இன்ஜினியரிங்கும் வேண்டாம், இயற்பியல்தான் என்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனோம். 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கீழே நின்றவளைக் கிளப்பிக்கொண்டு வருவதே பாடாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பேச்சு மாறவே இல்லை. அம்மா அவளைத் தடுக்கவில்லை. "டீச்சர், பிஎஸ்சி பிசிக்ஸ்ல சேர்த்தா அங்க ஒழுங்கா சொல்லிக் கொடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரிக்குப் போன் செய்து கேட்டேன். சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளலாம் என்றார்கள்.

சேர்ந்த பிறகு தெரிந்துகொண்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளும் என் மாணவிதான், இரண்டு பேருந்து மாறிப் போய் ஓர் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். கோடைப் பயிற்சிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே முதல் நாளே ஒளியை நிறங்களாகப் பிரித்துக் கோணம் அளக்கிற நிறமாலைமானியை அவள் முன்னால் வைத்து, சரிசெய்து முப்பட்டகத்தின் (முக்கோணக் கண்ணாடியின்) சிறும திசைமாற்றக் கோணத்தை, அதாவது ஒளி மிகக் குறைவாகத் திரும்புகிற கோணத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளால் முடியவில்லை. அந்தக் கருவியில் உள்ள சிறு தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குக் குவியப்படுத்துவது தெரியும், பிளஸ் டூவில் நான் செய்ய வைத்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை என்று சொல்லி அழுதாள்.

கல்லூரியில் நடந்ததை அப்புறம்தான் சொன்னாள். அங்கே இந்தச் சோதனைக்கு வேண்டிய பாதரச ஆவி விளக்கு முதலாம் ஆண்டிலேயே பழுதாகிவிட்டது. புதிது வாங்கக் கோப்பு எழுத, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட, இயற்பியல் துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. வேறொரு துறைத் தலைவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தன் கைக்காசில் சின்னச் சின்ன சாமான்களை வாங்கிவந்து சில சோதனைகளை நடத்தியிருக்கிறார். மற்றதெல்லாம் ரெக்கார்டு நோட்டில் மட்டும்தான் நடந்தது. முந்தைய ஆண்டு அக்காக்களின் நோட்டிலிருந்த அளவீடுகளைக் கடைசித் தசமத்தில் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் தெரிகிற நியூட்டன் வளையங்களை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. வளையங்களின் விட்டத்தைப் போட்டு சோடியம் ஒளியின் அலைநீளம் கண்டுபிடித்ததாக அவள் நோட்டில் இருக்கிறது, கையெழுத்தும் மதிப்பெண்ணும் இருக்கின்றன.

அந்தச் சிறும திசைமாற்றச் சோதனையில், முப்பட்டக மேடையை மெல்லத் திருப்பினால் நிறக்கோடு ஒரு பக்கமாக நகரும். ஓர் இடத்தில் நிற்கும். மேலும் அதே பக்கம் திருப்பினால் வந்த வழியே திரும்பும். அந்தத் திருப்பத்தை முதல்முறை தன் கண்ணால் பார்க்கிற பிள்ளையின் முகத்தை வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். அறிவியல் படிப்பது என்றால் எனக்கு அதுதான். பாடநூலில் ஒரு வரியாகக் கிடந்தது இயற்கையில் உண்மையிலேயே நடக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்வது. எங்கள் பள்ளியின் பழைய கருவியில் அந்த மாணவி செய்ததைவிடக் குறைவாகத்தான் ஒரு பட்டப்படிப்பு அவளுக்குக் கொடுத்தது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறப்பதற்கு முன்பாக, ஒவ்வோர் அரசு கலை அறிவியல் கல்லூரியிலும் ஒவ்வோர் அறிவியல் துறையிலும் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், பாடத்திட்டத்தில் உள்ள செய்முறைகளில் சென்ற ஆண்டு எத்தனை உண்மையாகவே நடந்தன என்பதைச் சேர்க்கை இணையதளத்தில் வெளியிடுங்கள். பிள்ளைகள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிற அதே பக்கத்தில், அதே தமிழில்.

இதற்குப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதுகூட அதிகம் இல்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்காக ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகள் ஆசிரியர் விவரங்களைத் தருகின்றன. டெல்லிக்குப் போகிற தகவல் ஆம்பூர் அம்மாவுக்கு ஏன் போகக் கூடாது?

கௌரவ விரிவுரையாளர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கல்லூரிகள் இன்று நடப்பதே அவர்களால்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. இங்கே 25,000 ரூபாய்க்கு முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பாடம் நடத்தினார்கள், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று மறுபடி வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வும் தள்ளிப்போனது. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் நீதிமன்றம், நிர்வாகம் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் 2019-இல் பிஎஸ்சி சேர்ந்த பிள்ளை 2022-இல் பட்டம் வாங்கிப் போய்விட்டது. அதன் மூன்று ஆண்டுகளை யாரும் தள்ளிவைக்கவில்லை.

இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் சேர்க்கை குறைகிறது, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்கிறேன். ஆர்வம் இல்லாமல் போகவில்லை. வருகிற பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் அடுத்த ஆண்டு தம்பியும் தங்கையும் வருவதில்லை. அப்புறம் சேர்க்கை குறைவைக் காட்டி இடத்தை நிரப்பாமல் விடுவது எந்த விதத்தில் நியாயம்?

நல்ல நிறுவனங்களுக்குப் போகலாமே என்பீர்கள். இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன, தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் திருப்பதி, தெற்கே திருவனந்தபுரம். அங்கே சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளியில் அதற்குத் தனிப் பயிற்சி எங்கே இருக்கிறது? இளம் அறிவியல் மாணவர்களுக்காக 1999-இல் தொடங்கிய கேவிபிஒய் உதவித்தொகைத் தேர்வையும் 2022-இல் நிறுத்தி, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இவை உங்கள் துறையின் கையில் இல்லை, எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது உங்கள் கல்லூரிகள்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறோம். சி.வி. ராமனும் வானியற்பியலாளர் சந்திரசேகரும் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில்தான், அதாவது ஓர் அரசுக் கல்லூரியில்தான் என்று நானே மேடையில் பேசுகிறேன். பேசிவிட்டு இறங்கும்போது எந்தப் பிள்ளையாவது வந்து, "நானும் அரசுக் கல்லூரியில் பிசிக்ஸ் சேரட்டுமா மிஸ்?" என்று கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்ல வேண்டும். இப்போது சொல்ல முடியவில்லை.

கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதால்தான் எங்கள் ஊரில் பல பெண்கள் கல்லூரிக்குள் கால் வைத்தார்கள். அதைச் செய்த அரசால் இதையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். காலியிடங்களை நிரப்ப நாளாகும் என்றால் அதுவரை எங்கே காலி என்பதையாவது மறைக்காதீர்கள். ஆய்வகத்துக்கு விளக்கு வாங்கவும் பழுது பார்க்கவும் தேவையான சிறு தொகையை, நிரந்தரத் துறைத் தலைவர் இல்லாத இடங்களில் கல்லூரி முதல்வரே உடனே செலவழிக்க அனுமதி கொடுங்கள். முக்கியமாக, துறைவாரியாக ஆசிரியர் எண்ணிக்கையையும் நடந்த செய்முறைகளையும் சேர்க்கைப் பக்கத்தில் போடுங்கள்.

அந்த அம்மாவும் மகளும் திங்கட்கிழமை மறுபடி வருகிறார்கள். விண்ணப்பத்தில் எந்தெந்தக் கல்லூரிகளைக் குறிப்பது என்று கேட்பார்கள். இந்த ஆண்டுக்கு உங்கள் அறிவிப்பு வந்து சேராது. அதனால் அவர்களையே கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியாக நேரில் போய் ஆய்வகத்தைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வந்தால் திறந்து காட்டச் சொல்லி முதல்வர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், இப்போதைக்கு அதுவே பெரிய உதவி.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை