கழுவப்படுவதற்கும் தாழ்மை வேண்டும்

அன்பு மகளுக்கு,

ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அறிந்து எனக்கும் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. யாராவது பாராட்டினால் "என்னிடம் ஒன்றுமில்லை" என்று சொல்லி விலகிவிடுவதாகவும், பிறருக்குச் சிரமம் கொடுக்காமல் எல்லா வேலைகளையும் நீயே செய்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். மனத்தாழ்மையில் வளர வேறென்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நீ கூடுதலாகச் செய்ய வேண்டியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது செய்துவருவதில்தான் ஒன்றிரண்டை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன்.

யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து, மிகவும் பழகிய பகுதிதானே என்று ஓடிவிடாமல், மெதுவாக வாசித்துப் பார். ஆண்டவர் போஜனத்தை விட்டு எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். அதற்கு முந்தின வசனம், பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருப்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்கே போகிறதையும் அவர் அறிந்திருந்தார் என்கிறது. தாம் யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆகவே அந்தச் சீலையைக் கட்டிக்கொள்வதால் தமக்கு ஏதாவது குறைந்துபோகும் என்ற அச்சமும் இல்லை. கழுவி முடித்து மறுபடியும் உட்கார்ந்தபின், "நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே, நான் அவர்தான்" என்கிறார். அந்த வேளையில்கூட அவர் "நான் ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை என்பதைக் கவனி. நன்றாகப் பேசும் வரத்தைக் கர்த்தர் உனக்குத் தந்திருக்கும்போது, அப்படி ஒன்று உன்னிடம் இல்லை என்று மறுப்பது தந்தவரையே மறுப்பதில் போய் முடியும். பாராட்டுகிறவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது போதும்.

அந்த அறையில் பெருமை சீஷனாகிய பேதுருவின் வாயிலிருந்து வெளிப்படுகிறது, அதுவும் பணிவின் சொற்களிலேயே. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! ஆனால் ஆண்டவர் அதை மரியாதையாக ஏற்றுக்கொள்ளவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று கடுமையுடன் சொல்கிறார். பிறருடைய கால்களைக் கழுவுகிறவன் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் செய்கிறவன் என்ற நிறைவு அவனுக்கு உண்டு. தன் அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவும் இல்லை. எல்லா வேலைகளையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்வதை ஊழிய வைராக்கியம் என்று மற்றவர்கள் சொல்லலாம். உன்னைச் சிறுவயதிலிருந்து அறிந்த எனக்கு, அதில் பேதுருவின் குரலும் கொஞ்சம் கேட்கிறது.

திருத்தப்படுவதற்கும் இது பொருந்தும். எங்கள் சபையில் நீண்டகாலம் பொருளாளராக இருந்த ஒரு மூப்பரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு கமிட்டிக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன், கணக்கில் ஒரு தொகை இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதாகச் சற்று முரட்டுத்தனமாகவே சொன்னான். அறையில் எல்லாரும் சங்கடத்தோடு குனிந்துகொண்டோம். அவரோ கணக்குப் புத்தகத்தை மேசையின்மேல் அவன் பக்கமாகத் திருப்பி வைத்து, "எந்த வரி என்று காட்டு தம்பி" என்றார். அவன் விரல் வைத்த இடத்தில் கோடிட்டு, சரியான தொகையை எழுதி, பக்கத்தில் தம் கையொப்பத்தோடு அவன் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தம் அனுபவத்தை நினைவூட்டவும் இல்லை. மன்னிப்பை மிகையாகக் கேட்டு எங்களிடமிருந்து ஆறுதலைச் சம்பாதிக்கவும் இல்லை. இந்த இரண்டாவதுதான் அரிது என்பது என் எண்ணம்.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு விதிகளில் தாழ்மைக்கென்று 12 படிகள் வகுத்திருக்கிறார். எனக்கு அந்தப் படிகளைவிட, அதே ஒழுங்கில் அவர் அன்றாட வேலைகளைப் பற்றிச் சொல்லியிருப்பவைதான் அதிகம் உதவின. முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். ஏனெனில் சிறந்தது எதுவென்பதைக் கர்த்தர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறார். சமையலறை வேலையைச் சகோதரர்கள் வாரமுறை வைத்துச் செய்ய வேண்டும். வாரம் முடிப்பவரும் அடுத்த வாரம் தொடங்குபவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். முறை மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு வாரம் கழுவியவர் மறுவாரம் கழுவப்படுகிறார். கைத்திறன் உள்ள ஒருவர், தம்மால்தான் மடத்துக்கு நன்மை என்று பெருமைகொண்டால், தாழ்மைப்படும்வரை அந்தத் தொழிலிலிருந்தே அவரை விலக்கிவைக்கவும் பெனடிக்ட் தயங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் தகப்பனாக என் கடமை முடியாது. மனத்தாழ்மையின் பெயரால் உன்னை வாயடைக்க நினைக்கிறவர்கள் சபைக்குள்ளும் இருப்பார்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகக் கன்னத்தில் அறைந்த சேவகனை நோக்கி, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று ஆண்டவரே நியாயம் கேட்டார். "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பியில்தான், விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று அவர் உறுதியாக நின்றார். இவை ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே அநியாயம் நடக்கும் இடத்தில், குறிப்பாக அது உன்னைவிட எளியவருக்கு நடக்கும்போது, பேசு.

கூட்டங்கள் நீண்டுபோகின்றன என்றும் நீ ஒருத்தியே பேசுகிறாய் என்றும் உங்கள் ஐக்கியத்தில் ஓர் இளைய பெண் சொன்னதற்கு, சிரித்து நகர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அவளிடம் மறுபடியும் போய், எந்தக் கூட்டத்தில், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று கேள். அவள் சொல்வதை இடையில் விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள். அடுத்த மாதக் கூட்டத்தைத் திட்டமிடும் வேலையை அவளிடம் கொடுத்துவிடு. உன் முறையில் அவள் செய்யமாட்டாள், செய்ய வேண்டியதும் இல்லை. அன்று அவள் உனக்கு ஏதாவது வேலை சொன்னால் அதைச் செய், சொல்லாவிட்டால் மற்றவர்களோடு உட்கார்ந்திரு.

அம்மா தனியாக எழுதுகிறாள். உனக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் அன்புள்ள,
அப்பா