ஆங்கில–ரஷ்ய அகராதித் தொகுப்பாளர்களுக்கு: ‘எதை’ என்றும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு வணக்கம்.

‘எவாக்குவேட்’ (வெளியேற்று, காலி செய்) என்ற ஆங்கில வினைக்கு நேரே நீங்கள் தரும் ரஷ்யச் சொற்களின் வரிசை உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்: எவகுயீரவத் (அப்புறப்படுத்து), அபரஷ்னியாத் (உள்ளிருப்பதைக் காலியாக்கு), அத்காச்சிவத் (உறிஞ்சி வெளியேற்று). மூன்றும் சரியான சொற்கள்தான். நடுவே வெறும் காற்புள்ளி போட்டு விட்டுவிடுகிறீர்களே, அதுதான் எங்கள் வருத்தம்.

ஏசி பழுதுபார்க்கும் கையேட்டை மொழிபெயர்ப்பவர் படும் பாட்டைக் கேளுங்கள். சிஸ்டத்தை ‘எவாக்குவேட்’ செய் என்றால், பழைய கேஸை எடுத்த பிறகு வாக்குவம் பம்பை மாட்டி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரான் (பாதரச அளவில்), அதாவது சுமார் 67 பாஸ்கல் வரை இறக்கி, வால்வை மூடி, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. ரஷ்ய மெக்கானிக்குகள் இதற்குச் சொல்வது வாகுமீரவத், அதாவது வெற்றிடமாக்கு. அது உங்கள் வரிசையில் இல்லை. இருப்பதை நம்பி அத்காச்சிவத் என்று எழுதினால், கேஸை உறிஞ்சி எடுப்பதற்கும் அதே சொல்தான் என்பதால், படிப்பவர் அதோடு நிறுத்திவிடக்கூடும். ஈரம் உள்ளேயே தங்கும்; கேபிலரி என்னும் மெல்லிய குழாயில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைக் கெடுக்கும்.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை. இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதை ரஷ்ய மருத்துவ நூல்கள் ‘எவகுவாத்ஸியா’ என்றே எழுதும். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் அபரஷ்னியாத். நோயாளியிடம் பேசும்போதோ ‘ஸ்தூல் பில்?’, அதாவது மோஷன் போனதா, என்றுதான் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்பது புதுச் சொற்கள் அல்ல. ‘எதை’ என்ற குறிப்பு. ஆட்களை, ஆலைகளை, தவறாக நிறுத்திய காரை: எவகுயீரவத். குடலை: அபரஷ்னியாத். குளிர்சாதன சிஸ்டத்தை: வாகுமீரவத். ரஷ்ய விளக்க அகராதிகள் வினைக்குப் பக்கத்தில் ‘கவோ–ஷ்தோ’, யாரை–எதை, என்று போடுகின்றனவே. உங்களால் ஏன் முடியாது?

‘வேகேட்’ என்ற வினைக்கும் இதே கதிதான். அஸ்வபதீத் (விடுவி) என்பது அறையைக் காலி செய்யப் பொருந்தும். நீதிமன்றம் தீர்ப்பை ‘வேகேட்’ செய்தால் அத்மெனீத் (ரத்து செய்). இதைக் குறிக்காமல் விட்டால் ரத்தான தீர்ப்பு ரஷ்ய மொழியில் ‘விடுதலையான’ தீர்ப்பாகிவிடும். பதிப்புக்குப் பதிப்பு சொல் எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையில் கால்பங்கை, இருக்கும் சொல்லைச் செப்பனிடுவதில் காட்டக்கூடாதா?

கடிந்து பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த திருத்தத்தில் இந்த இரண்டு வினைகளுக்காவது, ஒவ்வொரு ரஷ்யச் சொல்லுக்கும் முன்னால் ‘எதை’ என்று சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரஷ்ய மொழி பயிலும், மொழிபெயர்க்கும் தமிழர்கள்