மலர்விழிக்கு: நாம் இன்னும் சரியாகக் கேட்கவே தொடங்கவில்லை

அன்புள்ள மலர்விழிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் ஓர் அடையாளம்கூடக் கிடைக்கவில்லை, ஆகவே அண்டத்தில் அறிவுள்ள உயிர் நாம் மட்டுமே என்று உன் கல்லூரி இதழில் எழுதியிருந்தாய். கட்டுரை தெளிவாக இருந்தது. முடிவு மட்டும் அவசரப்பட்டுவிட்டது என்று எனக்குப் படுகிறது. நீ பொதுவில் எழுதியதால் நானும் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் தொடங்கிய முதல் தேடல், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு இரண்டே விண்மீன்களை, ஹைட்ரஜன் உமிழும் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய அலைவரிசையில், ஏறக்குறைய 150 மணி நேரம் கேட்டதோடு முடிந்தது. அதன் பிறகும் இந்த வேலை பெரும்பாலும் பிற ஆய்வுகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில்தான் நடந்திருக்கிறது. நாசா 1992இல் தொடங்கிய தேடலுக்கு அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்திவிட்டது. எந்தத் திசை, எந்த அலைவரிசை, எந்த நேரம், எவ்வளவு வலு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இதுவரை தேடியது கடலில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்ததற்குச் சமம் என்பார் வானியலாளர் ஜில் டார்ட்டர். 2018இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதாகக் கணக்கிட்டபோது அந்தத் தம்ளர் ஒரு சிறு நீச்சல் குளமாக வளர்ந்தது. கடல் கடலாகவே இருந்தது.

கிடைப்பதையும் எளிதில் நம்பிவிட முடியாது. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி என்ற விண்மீனை நோக்கியபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய குறிகை (சிக்னல்) பதிவானது. இத்தகைய தேடலில் விண்மீனைச் சற்று நேரம் பார்ப்பார்கள், பிறகு வேறு பக்கம் திருப்புவார்கள், மீண்டும் விண்மீனுக்கு வருவார்கள். திருப்பும்போது மறைந்து, திரும்பி வரும்போது தோன்றினால்தான் அது பொருட்படுத்தத்தக்கது. இந்தக் குறிகை முதலில் அந்தச் சோதனையைத் தாண்டியது. ஆனால் அதே சாயலில் வேறு அலைவரிசைகளிலும், தொலைநோக்கி வேறெங்கோ பார்த்த நேரங்களிலும் குறிகைகள் இருந்ததை நுணுகிக் கண்டுபிடித்து, இது நம் பூமியின் மின்னணுக் கருவிகளின் இரைச்சலே என்று 2021இல் ஆய்வாளர்களே அறிவித்தார்கள். இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம்மையே எடுத்துக்கொள். நம்முடைய தொலைக்காட்சி ஒளிபரப்பை, நம்மிடம் உள்ளதைப் போன்ற கருவிகளோடு மிக அருகிலுள்ள விண்மீனில் ஒருவர் இருந்தாலும் கேட்க முடியாது. வானொலியை நாம் பயன்படுத்தி 130 ஆண்டுகள்தான் ஆகின்றன. பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகள். நாம், அவர்கள் என்ற இருவருடைய குறுகிய காலங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும் என்பதே என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கடினமான நிபந்தனை.

உன் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே ஒரு நாகரிகம் விண்மீன் விட்டு விண்மீன் பரவியிருந்தாலும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் பால்வீதி முழுவதும் நிறைந்திருக்கும், அவர்கள் இங்கே இல்லாததே அப்படி யாரும் இல்லை என்பதற்குச் சான்று என்று 1975இல் வானியற்பியலாளர் மைக்கேல் ஹார்ட் எழுதினார். ஆனால் அது விண்மீன்களுக்கிடையே பயணம் இயலும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் 1 விண்கலம், பிராக்சிமா இருக்கும் தொலைவைக் கடக்க 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் எஸ்.கே.ஏ. என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கி இப்போது கட்டப்பட்டு வருகிறது. இந்தியாவும் அதில் பங்காளி. அருகிலுள்ள விண்மீன்களில் விமான நிலைய ராடார் அளவுக்குக் கசிவு இருந்தாலே அதனால் உணர முடியும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது பல ஆண்டுகள் முறையாகக் கேட்டும் ஒன்றும் கிடைக்காவிட்டால், உன் கட்டுரைக்கு நான் வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சித்தப்பா