ஓடர் ஆற்றங்கரையில் ஒரு நற்செய்திக் கூடாரம்

பெர்லின்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். உங்கள் திருச்சபை இளைஞர்கள் ஊரில் நடக்கவிருக்கும் இசை விழாவில் கைப்பிரதி கொடுத்து ஊழியம் செய்யத் துடிக்கிறார்கள் என்றும், பிறர் கூட்டிய கூட்டத்தில் போய் அப்படிச் செய்வது முறைதானா என்று நீ தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமையிலேயே ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகாத நான் இதில் அறிவுரை சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் போலந்தில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கிருந்து ரயிலில் கிழக்கே போய் ஓடர் ஆற்றைக் கடந்தால் கொஸ்ட்ஷின் என்ற எல்லையோரச் சிற்றூர். ‘ப்ஷிஸ்தானெக் உட்ஸ்டாக்’ என்னும் ராக் இசை விழா அப்போது அங்கேதான் நடந்துவந்தது. மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்குவதற்காக ஆண்டுதோறும் ஜனவரியில் உண்டியல் குலுக்கும் தொண்டர்களுக்கு நன்றி சொல்ல, அந்தத் தொண்டு அமைப்பை நடத்தும் யெர்ஷி ஓவ்ஷாக் 1995இல் தொடங்கிய விழா அது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் லட்சக்கணக்கில் இளைஞர்கள் வந்து, கூடாரமடித்து, சேற்றில் புரண்டு ஆடுவார்கள்.

‘ப்ஷிஸ்தானெக்’ என்றால் பேருந்து நிறுத்தம். விழா ஷாரி என்ற ஊரில் நடந்துகொண்டிருந்த 1999இல், கத்தோலிக்க ஆயர் எட்வர்ட் டாய்ச்சாக்கும் சில குருக்களும் அதன் அருகிலேயே ‘ப்ஷிஸ்தானெக் யெசுஸ்’, அதாவது ‘இயேசு நிறுத்தம்’, என்ற பெயரில் ஒரு நற்செய்திப் பணியைத் தொடங்கினார்கள். பெயரிலேயே சற்றுக் குறும்பு இருப்பதைக் கவனித்தாயா? விழா நடத்துவோருக்கும் திருச்சபையில் சிலருக்கும் இடையே ஏற்கெனவே உரசல் இருந்த நாட்டில் இது எளிதாக நடந்திருக்காது.

என்னை ஈர்த்தது அவர்கள் வேலை செய்த விதம். பணிக்கு வருவோர் முதலில் தியானத்தில் அமர்ந்து தங்களை ஆயத்தப்படுத்திக்கொண்ட பிறகே, குருக்களும் கன்னியரும், துறவறம் பூணாத பொதுநிலையினருமாக இருவர் இருவராய்த் திடலுக்குள் போவார்கள். நான் பார்த்த ஒரு கன்னியர், சீவிய கூந்தலில் பச்சை நிறம் பூசிய பையன் ஒருவனோடு புல்லில் அமர்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவன் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். மொழி எனக்குப் புரியவில்லை என்றாலும், யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பது தெரியாமலா போகும்? சற்றுத் தள்ளி இன்னொரு குரு, குப்புறக் கவிழ்த்த பெட்டியின் மேல் அமர்ந்து பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திடலில் நீண்ட வரிசை நின்றது கிருஷ்ண பக்தர்களின் உணவுக் கூடாரத்தின் முன்னால்தான். நம் ஊர் அன்னதானத்தை நினைத்துக்கொண்டு நானும் தட்டோடு நின்றேன். அவர்களும் மதம் பரப்பத்தான் வந்திருந்தார்கள். சோற்றுக்கு மொழி தேவைப்படவில்லை.

எனவே உன் தயக்கம் நியாயமானதே என்றாலும், பிள்ளைகளைத் தடுக்காதே. விழா நடத்துவோரிடம் முதலில் நேரில் போய் அனுமதி கேட்கட்டும். ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். கைப்பிரதிகளை அச்சுக்குக் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் பாதியாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் மோர்ப் பந்தல் போடச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், பேரனுக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்